பெரியவர் இருமலும் எங்கக்கா பிளேட்டும்

கிராமபோன் பிளேட்டு விக்கிற கடையில உசுரோட இருக்கிறவங்களுக்கு மரியாதை கெடையாது. மரியாதை வேணும்னா மொதல்ல சாவணும்.

இன்னாடா இவன், எடுத்த எடுப்புலயே இப்பிடிப் பேசறானேன்னு நெனக்காதீங்க. நீங்களும் எதுனா ஒரு கடையில பலகைக்குப் பின்னால நின்னு, வர்றவங்க பேசறதுக்கெல்லாம் பல்லைக் கடிச்சுக்கினு சிரிச்சிருப்பீங்க. உங்களுக்குத்தான் இதை எழுதறேன். மத்தவங்களுக்குப் புரியாது.

நான் வேலூர் காலேஜுல இன்டர் படிக்கிறேன். சனி ஞாயிறும் லீவு நாளும் ஆம்பூர் பஜார்ல ஒரு பாய் கடையில வேலை. சைக்கிள், பெட்ரோமாக்ஸ் லைட்டு, கிராமபோன், பிளேட்டு எல்லாம் விக்கிற கடை. பிளேட்டுப் பக்கம் மட்டும் என் பொறுப்பு. ஏன்னா பாய்க்குப் பாட்டுல ஆசை கம்மி, எனக்கு வாய் ஜாஸ்தி.

எங்க கடையில ரெண்டு தினுசு சங்கீதப் பிளேட்டு உண்டு. ஒண்ணு பெரியவர் பிளேட்டு. பெரியவர்னா, செத்துப் பல வருஷமான ஒரு வித்வான். பேரைச் சொன்னா என்னை அடிக்க வருவாங்க, வேணாம். மைக்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடி, ஒரு பெரிய கொழாய்க்குள்ள மூஞ்சை வெச்சுக்கினு பாடின மனுஷன். அந்தப் பழைய பாட்டையே கம்பெனிக்காரன் புது லேபிள் ஒட்டி, புது உறை போட்டு, புதுசு மாதிரி திரும்பத் திரும்ப அனுப்பறான். ரெண்டாவது தினுசு, இப்பப் பாடறவங்க பிளேட்டு. அதுல ஒண்ணு ‘குடியாத்தம் கனகா’. கனகா என் கூடப் பொறந்த அக்கா. அப்பா தறியில லுங்கி நெய்யறாரு. அக்கா மெட்ராஸ் போய் ஒரே ஒரு பிளேட்டு பாடிட்டு வந்திருக்குது.

வேலைக்குச் சேக்கிறப்பவே பாய் ஒரு கண்டிசன் போட்டாரு. “அது உங்க அக்கான்னு எவன்கிட்டயும் சொல்லாதே தம்பி. சொன்னா மூஞ்சிக்கு நேரா புகழ்ந்துட்டு, வாங்காம போய்டுவான்.” சொல்லாம இருந்தேன். அதுக்கு எனக்குக் கெடச்ச தண்டனைதான் இனிமே வர்றதெல்லாம்.

கம்பெனி ஆளு

ஆடி மாசம் மெட்ராஸ்லேர்ந்து கம்பெனி ஆளு வந்தாரு. கோட்டு, டை, தொப்பி. கொண்டாந்த பொட்டியைப் பிரிச்சா, வைக்கோலுக்கு நடுவுல அம்புட்டும் பெரியவர். “ஏன் சார், இவரு பாட்டைத்தான் ஊரே வாங்கி வெச்சிருக்குதே. இதுக்குக் கொட்டற காசுல புதுசா நாலு பேரைக் கூப்ட்டுப் பாட வெச்சா இன்னா?”ன்னு கேட்டேன். அவரு கோவிச்சுக்கல. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாரு: “செத்தவருக்கு ரயில் டிக்கெட்டு எடுக்க வேணாம். சளி புடிக்காது. பிடில்காரனோட சண்டை போட மாட்டாரு. சுருதி ஜாஸ்தி, கம்மின்னு பேஜார் பண்ண மாட்டாரு.”

சரி, எங்க வூட்டு விஷயத்துக்கு வருவோம்னு, யாரோ எவரோ மாதிரி மூஞ்சை வெச்சுக்கினு, “இந்தக் குடியாத்தம் கனகாவை மறுபடியும் கூப்புடுவீங்களா சார்?”ன்னேன். தீபாவளிக்குள்ள இந்தப் பக்கத்துக் கடைங்கள்ல இருக்கிறதெல்லாம் வித்துட்டா உடனே கூப்புடுவோம்னாரு. விக்கலன்னா? காலேஜுல இங்கிலீஷு வாத்தியாரு என்னைப் பாக்கிற அதே மாதிரி பரிதாபமாப் பாத்தாரு. அவரு சொன்னதைக் கேட்டு நான் கையில இருந்த கிராமபோன் ஊசி டப்பாவைக் கீழ போட்டுட்டேன். கடை பூரா ஊசி. சொன்னது இதுதான்:

“விக்காததைத் திருப்பி எடுத்துக்குவோம் தம்பி. பிளேட்டுன்னா அரக்குதானே, இடிச்சு, உருக்கி, அந்த அரக்குலயே பெரியவரை அச்சு போட்டுடுவோம்.”

தோல் தரகர்

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கடைக்கு எவன் வந்தாலும் மொதல்ல அக்கா பிளேட்டைத்தான் போட்டுக் காட்டறதுன்னு. மொதல்ல மாட்டினவரு ஒரு தோல் தரகர். தோல் பதம் பண்ற ஷாப்புலேர்ந்து நேரா வந்தாரு, ஆவாரம்பட்டை வாசனையோட. பிளேட்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சாரு. கட்டை விரலால ஓரத்தைத் தடவினாரு. கடைசியா மோந்தும் பாத்தாரு. ஆட்டுத்தோலைப் பாத்துப் பாத்துப் பழகின கையி, மூக்கு. சாவி குடுத்து, புது ஊசி மாட்டி, அக்காவைப் பாட வுட்டேன்.

கண்ணை மூடிக்கினு கேட்டாரு. எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. பாட்டு முடிஞ்சதும் கண்ணைத் தொறந்து, “இன்னாபா, மெஷினு ரிப்பேரா? அந்தக் கர்ர்ர்னு ஒரு சத்தம் வருமே, அதைக் காணோமே?”ன்னாரு. ஐயா, அது பழைய காலத்துப் பிளேட்டுல இருக்கிற இரைச்சல், இது இப்ப மைக்கு வெச்சு எடுத்தது, அதான் சுத்தமா இருக்குது, அந்தச் சத்தம் இல்லாம இருக்கத்தான் வெள்ளைக்காரன் மண்டையை ஒடச்சுக்கினான்னு நான் கத்தினேன். பாய் தூரத்துலேர்ந்து என்னை மொறச்சாரு. தரகர் பிளேட்டை மெதுவா பலகை மேல வெச்சாரு. எதுக்கும் உதவாததை அப்பிடித்தான் வெப்பாங்க போல.

“எங்க தோலுலதான் தம்பி கீறல் இருக்கக் கூடாது. பாட்டுன்னா கொஞ்சமாவது கரகரக்கணும். இது இன்னாவோ நேத்துப் பாடின மாதிரி இல்ல இருக்குது!”

கம்பவுண்டர்

இவரு நல்ல மனுஷன். சங்கீதம் தெரிஞ்சவரு. அக்கா பிளேட்டை ரெண்டு பக்கமும் கேட்டாரு, தொடையில தாளம் போட்டாரு, ஒரு எடத்துல “அடடா”ன்னும் சொன்னாரு. நான் அவசர அவசரமா உறையில போட்டு நூல் கட்ட ஆரம்பிச்சுட்டேன். அவரு கையை நீட்டித் தடுத்தாரு. உசுரோட இருக்கிறவங்க பிளேட்டை வாங்கினா மதிப்பு கொறையுமாம், எப்ப வேணும்னாலும் இன்னும் நல்லாப் பாடித் தொலைச்சுடுவாங்களாம். ஆஸ்பத்திரியில மருந்து கலக்கிற கை இதுன்னு நெனச்சப்ப இனிமே சொரம் வந்தாலும் அந்தப் பக்கம் போறதில்லன்னு முடிவு பண்ணினேன். அத்தனை பிரியமா, கண்ணுல தண்ணி தளும்பச் சொன்னாரு:

“அபாரமாப் பாடுது பொண்ணு. இது செத்ததும் மறக்காம சொல்லியனுப்பு தம்பி, ரெண்டா வாங்கிக்கிறேன்.”

வேலூர் சபா

வேலூர்ல ஒரு சபா. அதுக்குத் தலைவரு ஒரு வக்கீலு. நவராத்திரி கச்சேரியில மொத நாளு எங்கக்கா பாட்டுன்னு ஏற்பாடு. அக்கா பட்டுப்பொடவை கட்டிக்கினு அப்பாவோட மத்தியான ரயில்ல வந்து எறங்குச்சு. வாசல்லயே வக்கீலு புடிச்சுக்கினாரு. “பெரியவரோட புதுப் பிளேட்டு வந்திருக்குதாம்மா. ஜனங்க ஆசைப்படறாங்க. உன்னை அடுத்த வருஷம் வெச்சுக்கலாம், சின்ன வயசு தானே, எங்க போய்டப் போறே?” அக்கா நேரா போய் மொத வரிசையில உக்காந்துக்கிச்சு. மெஷினை எங்க கடையிலேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்காங்க. மெஷினோட வந்து சாவி குடுக்கிற ஆளு? நான்தான்.

மேடையில முக்காலி போட்டு, அதுக்கு மேல பட்டுத்துணி விரிச்சு, கிராமபோனை வெச்சாங்க. பொட்டிக்குச் சந்தனம், குங்குமம். கொழாய்க்கு ரோஜா மாலை. இதாவது போகட்டும்ங்க. மிருதங்க வித்வானுக்கு ஏற்கெனவே சொல்லியாச்சு, வேணாம்னா மனசு கஷ்டப்படுவாருன்னு அவரையும் பொட்டிக்குப் பக்கத்துல உக்கார வெச்சுட்டாங்க! பெரியவரு பாட, இவரு வாசிக்க, நான் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் போட, ஜனங்க “சபாஷ், சபாஷ்”ன்றாங்க. யாருக்கு சபாஷ்? கொழாய்க்கு! நடுவுல வக்கீலு எழுந்து, “இளங்குருத்துகளுக்கு நாம தண்ணி ஊத்தணும்”னு ஒரு பேருரை வேற. நான் மேடையிலயே, “குருத்து மொத வரிசையில உக்காந்திருக்குது சார், ஊத்துங்க”ன்னேன். ஊர்ல சண்டை போட்டுக்கினே இருந்தா நீயும் வக்கீலாப் போய்டுவேன்னு சிரிச்சுக்கினே என் தோளைத் தட்டிட்டுப் போய்ட்டாரு. கச்சேரி முடிஞ்சு பாத்தா மிருதங்கக்காரர் மூஞ்சு வாடிப்போச்சு. கேட்டா சொல்றாரு:

“தனி ஆவர்த்தனம் வாசிக்கலாமான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன் தம்பி, பெரியவரு என்னைக் கண்டுக்கவே இல்ல.”

மாதனூர் கல்யாணம்

சபாவுல பாட்டு போச்சேன்னு மனசு ஒடஞ்சிருந்தப்பதான் மாதனூர்லேர்ந்து ஆளு வந்துச்சு. தோல் ஷாப்புல கணக்கு எழுதறவர் வூட்டுக் கல்யாணம். பொண்ணு வூட்டுல அக்காவைப் பாடக் கூப்ட்டாங்க. அக்கா எடுத்துக்கினது தோடியில ஒரு கீர்த்தனை. பெரியவர் பாடின அதே பாட்டு. மாதனூர்ல அதைக் கேக்காத காது கெடையாது. காபி கிளப்புல காலையில அதைத்தான் போடறான், சாயந்தரமும் அதைத்தான் போடறான்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பெரியவர் அந்தப் பிளேட்டுல அனுபல்லவி எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடத்துல இருமுவாரு. அந்தக் காலத்துல மறுபடியும் எடுக்கிற வழக்கமில்ல, அப்பிடியே வுட்டுட்டாங்க. கம்பெனி எத்தனை தபா திருப்பி வெளியிட்டாலும் இருமலும் கூடவே வரும். மாதனூர்ல பசங்க தெருவுல இந்தப் பாட்டைப் பாடினா இருமிட்டுத்தான் பாடும். அக்கா அந்த எடத்துக்கு வந்துச்சு. இருமாம பாடிக்கினு போச்சு. உடனே மொத வரிசையில உக்காந்திருந்த சம்பந்திங்க நாலஞ்சு பேரு, அக்கா மறந்துட்டதா நெனச்சு, ஒத்தாசைக்குச் சேந்து இருமினாங்க! அதோட போச்சா? பிளேட்டுல பாட்டு எந்த எடத்துல முடியுமோ, அந்த எடத்துல எல்லாரும் துண்டை ஒதறிக்கினு எழுந்துட்டாங்க. அக்கா அப்பதான் ஒரே வரியை விதவிதமா விரிக்கிற நெரவலே ஆரம்பிச்சிருக்குது. பொண்ணோட அப்பா தாம்பாளத்தைத் தூக்கிக்கினு வந்து நிக்கிறாரு. அக்கா நிறுத்திட்டுக் கும்புட்டுச்சு. அவரு கொரலைத் தாழ்த்தி, மத்தவங்க எதிர்ல மானத்தை வாங்கக் கூடாதுன்னு பக்குவமாச் சொன்னாரு:

“எல்லாம் சரியாத்தாம்மா பாடினே, அந்த இருமலைத்தான் வுட்டுட்டே. அதையும் பாடம் பண்ணிக்கினு வந்திருக்கலாம்.”

காட்பாடி மண்டிக்காரர்

திரும்பி வர்றப்ப ஜட்காவுல நான் பெரியவரைத் திட்டிக்கினே வந்தேன். அக்காதான் அடக்குச்சு. “அவரை இன்னாத்துக்குடா திட்றே? அவரு அந்தத் தோடியை எப்பிடிப் பாடியிருக்காருன்னு உனக்குத் தெரியுமா? அவரைக் கேட்டுத்தான் நானே பாட வந்தேன். செத்தவரை வெச்சு உசுரோட இருக்கிறவங்க வாயை அடைக்கிறானுங்க பாரு, அவனுங்களைத் திட்டு.” அதுவும் சரிதான். அந்தக் கல்யாணத்துல இன்னொரு காரியமும் ஆச்சு. காட்பாடியில அரிசி மண்டி வெச்சிருக்கிற ஒரு பெரிய மனுஷன் அக்காவைப் பாத்துட்டு, பையனுக்குக் கேட்டுக் கல்யாணத் தரகரை அனுப்பினாரு. பொண்ணு பாக்க வந்தப்ப நான் பரீட்சை எழுதிக்கினு இருந்தேன், அவங்களை நான் பாக்கல. அக்கா கேட்டது ஒரே கேள்வி, கல்யாணத்துக்கப்புறம் பாட வுடுவாங்களா? “பாட்டுன்னா அவருக்கு உசுராச்சே”ன்னு தரகர் அடிச்சு வுட்டுட்டாரு. அப்பாவும் தலையை ஆட்டிட்டாரு.

தீபாவளி நெருங்குது. அக்கா பிளேட்டு அடுக்கினது அடுக்கின மாதிரியே கீது. சனிக்கிழமை ஒருத்தர் கடை வாசல்ல வில்வண்டியை நிறுத்தினாரு. ஜரிகை அங்கவஸ்திரம், கடுக்கன். உள்ள வந்து, “குடியாத்தம் கனகா பிளேட்டு இருக்குதா?”ன்னாரு. எங்கக்கா பேரைச் சொல்லிக் கேட்ட மொத ஆளு! எத்தனை வேணும் ஐயான்னா, “எல்லாம்”ன்றாரு. வேலூர், குடியாத்தம், காட்பாடி கடைங்கள்லயும் இருந்ததெல்லாம் வாங்கியாச்சாம். எனக்குக் காலு தரையில பாவல. ஓடிப்போய் கோலி சோடா வாங்கியாந்து குடுத்தேன். வைக்கோல் வெச்சுக் கட்டிக்கினே, உங்க மாதிரி நாலு பேரு இருந்தா போதும் ஐயா, இந்த ஜில்லாவே பொழச்சுக்கும், செத்தவங்களையே கட்டிக்கினு அழற ஊர்ல நீங்க ஒரு ஆம்பளைன்னு என்னென்னவோ பேசினேன். சோடாவைக் குடிச்சுக்கினே பொறுமையாக் கேட்டாரு. வண்டியில ஏறினப்புறம்தான், “அவ்ளோ புடிக்குமா ஐயா இந்தக் கொரலு?”ன்னேன். அவரு சொன்னதைக் கேட்டு, கையில இருந்த காலி சோடா பாட்டிலோட, வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் தெருவுலயே நின்னேன்.

“இன்னா தம்பி புடிக்கிறது? எங்க வூட்டுக்கு மருமவளா வர்ற பொண்ணு கொரலைக் கண்ட ஜட்காக்காரனும் கேக்கிறதா? அதான் ஒண்ணு விடாம வாங்கி, பாலாத்து மணல்ல குழி தோண்டிப் பொதைக்கிறேன்.”

மறுபடியும் கம்பெனி ஆளு

பாய்கிட்டகூட சொல்லாம அடுத்த ரயிலைப் புடிச்சுக் குடியாத்தம் போய்ட்டேன். அக்கா ராட்டையில தறிக்கு நூல்தார் சுத்திக்கினு இருந்துச்சு. சொன்னேன். ராட்டை நின்னுச்சு. உள்ள தறிச் சத்தமும் நின்னுச்சு. அப்பா காதுல வுழுந்துடுச்சு போல. எழுந்து வந்தாரு. அக்கா அவரை நிமிர்ந்து பாத்து, “எனக்கு அந்த வூடு வேணாம்பா”ன்னுச்சு. அப்பா கத்துவாருன்னு நான் சண்டைக்குத் தயாரா மூச்சைப் புடிச்சுக்கினு நின்னேன். அவரு, “உசுரோட இருக்கிற கொரலைப் பொதைக்கிறவன் வூட்டுக்கு எம்பொண்ணு எதுக்கு?”ன்னுட்டு, மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கினு தரகர் வூட்டுக்கு நடையைக் கட்டினாரு. வாழ்க்கையில மொத தபா எனக்கு வாதாட ஆளில்லாமப் போச்சு.

தீபாவளி போய் கம்பெனி ஆளு வந்தாரு. மூச்சு வாங்குது அவருக்கு. “இன்னா தம்பி அநியாயம் இது! ஆம்பூர், வேலூர், குடியாத்தம், காட்பாடி, எங்கயும் குடியாத்தம் கனகா ஒண்ணுகூட மிச்சமில்ல! பெரியவரே இப்பிடிப் போனதில்ல. இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதுசா பாடறவங்க மேல இவ்ளோ பிரியம்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே!” பாய் சைக்கிள் பெல்லைத் தொடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு. அவரு முதுகு குலுங்குது. நான் உதட்டைக் கடிச்சதுல ரத்தமே வந்துடுச்சு. பழைய பிளேட்டை மறுபடியும் அச்சு போடறாங்களாம், புதுசா நாலு பிளேட்டு பாட அக்கா மெட்ராஸ் வரணுமாம். போன வாரம் அக்காவையும் அப்பாவையும் காட்பாடியில மெட்ராஸ் ரயில் ஏத்தி வுட்டேன். வண்டி நகர்றப்ப அக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக் கூவுச்சு. பிளாட்பாரத்துல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க:

“டேய், புதுப் பிளேட்டு வந்ததும் மொதல்ல அந்த மண்டிக்காரருக்கு ஆளனுப்புடா, வேணுங்கிற மட்டும் வாங்கிக்கட்டும்!”

ஆக, புதுசா பாடறவங்களைக் கையைக் கடிக்கிற அளவுக்குக் காசு போட்டு ஆதரிச்சவரு எங்க ஜில்லாவுலயே ஒருத்தர்தான், அவரும் அந்தப் பாட்டு எவன் காதுலயும் வுழக் கூடாதுன்னு வந்தவரு.